மொட்ரிச்: அகதிக் கதையை விட்டு ஆட்டத்தைப் பேசுவோமா?

மல்லாவி மத்தியகளம் எழுதியது:

குரோஷியக் கால்பந்து வீரர் லூக்கா மொட்ரிச்சின் பெயர் அடிபடாத பரிசளிப்பு மேடை வன்னியில் இப்போது அரிது. "அவரும் இடம்பெயர்ந்தவர்தான், நீங்களும் இடம்பெயர்ந்தவர்கள்தான், ஆகவே உங்களாலும் முடியும்" என்று பேசி முடித்து, பொன்னாடையை மடித்துக்கொண்டு விருந்தினர் வாகனத்தில் ஏறிவிடுவார். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பயிற்றுவிக்கிற எனக்கு இந்தப் பேச்சு எரிச்சலைத்தான் தருகிறது.

கதை பொய்யில்லை. 1985இல் குரோஷியாவின் ஸாடாரில் பிறந்தவர். 1991 டிசெம்பரில் அவருடைய அப்பப்பாவை ஆயுததாரிகள் சுட்டுக் கொன்றார்கள். அந்த அப்பப்பாவின் பெயர்தான் இவருக்கும். வீடு எரிந்தது. குடும்பம் ஸாடாரில் அகதிகள் தங்கியிருந்த விடுதிகளில் ஆண்டுக்கணக்கில் இருந்தது. விடுதியின் வாகனத் தரிப்பிடத்தில் பந்தடித்து வளர்ந்தார். எல்லாம் சரி. ஆனால் அந்த விடுதிகளில் இடம்பெயர்ந்த பிள்ளைகள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் மொட்ரிச் ஆனதற்கு இடப்பெயர்வு எப்படிக் காரணமாகும்?

மேடையில் யாரும் சொல்லாத பாதிக் கதை இது. ஸாடார் நகரக் கழகத்தில் இளையோர் பிரிவு ஒன்று இயங்கியது. போர்க்காலத்திலும் இயங்கியது. அதற்குப் பொறுப்பாக இருந்த தொமிஸ்லாவ் பாசிச், ஹஜ்டுக் ஸ்பிலிட் கழகம் "உடம்பு காணாது" என்று திருப்பி அனுப்பிய பையனைக் கைவிடவில்லை. 16 வயதில் டினமோ ஸாக்ரெப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவரே. அங்கேயும் முதல் அணியில் உடனே இடம் கிடைக்கவில்லை. 2003இல் பொஸ்னியாவின் ஸ்ரின்ஸ்கி மொஸ்டார் கழகத்துக்கு இரவலாக, அதாவது தற்காலிகமாக ஆட, அனுப்பினார்கள். கரடுமுரடான மைதானங்கள், காலை வாரிவிடுகிற பெரிய ஆட்கள். 18 வயதில் அந்த லீக்கின் சிறந்த வீரர் என்று பெயர் எடுத்தார். அடுத்ததாக இன்டர் ஸப்ரெசிச்சுக்கும் இரவல். 2005இல் டினமோவுக்குத் திரும்பியவர் தொடர்ச்சியாக மூன்று லீக் பட்டங்களை வென்றார்.

அதாவது 16இலிருந்து 20 வரை அவர் செய்ததெல்லாம் ஆடியதுதான். 11 பேர் கொண்ட அணியில், 90 நிமிடம், கிழமைக்குக் கிழமை.

இப்போது நம் பக்கத்துப் போட்டிகளுக்கு வருவோம். அணிக்கு ஏழு பேர், பாதிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், விலகல் முறை. தோற்றால் வீடு. கோல்காப்பாளர் கையால் எறிந்தால் எதிரணியின் கோல் எல்லைக்குள் போய் விழுகிற அளவு மைதானம். இதில் மத்தியகளம் என்று ஒரு நிலம் எங்கே இருக்கிறது? சமநிலை தவிர்ப்பு உதையில் நம் பிள்ளைகள் வல்லவர்கள். காரணம், பாதி ஆட்டங்கள் அப்படித்தான் முடிகின்றன.

வன்னி முன்கள வீரர்களை உருவாக்கும், கோல்காப்பாளர்களையும் உருவாக்கும். மத்தியகள வீரரை உருவாக்காது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.


பரந்தன் சந்தி எழுதியது:

அண்ணா, எல்லாம் சரியாகவே இருக்கட்டும். மொட்ரிச்சின் பெயரில் இழை தொடங்கிவிட்டு அந்த வலது காலைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டீர்களே, இது நியாயமா?

2022 ஏப்ரல் 12. ஐரோப்பியக் கழகங்களின் சம்பியன்ஸ் லீக்கில் செல்சிக்கு எதிரான காலிறுதியின் இரண்டாம் ஆட்டம். முதல் ஆட்டத்தில் 3-1 என்று வென்றிருந்த, மொட்ரிச்சின் ரியல் மட்ரிட், சொந்த மைதானத்தில் 0-3 என்று பின்தங்கி நிற்கிறது. 80ஆவது நிமிடம். இடப்பக்கமாக நின்ற மொட்ரிச் தலை நிமிர்த்திப் பார்க்கிறார். வலது காலின் வெளிப்புறத்தால் ஒரு தட்டு. பின்கள வீரர்களின் தலைக்கு மேலால் பந்து வளைந்து இறங்குகிறது. ரொட்ரிகோ நிலத்தில் விழவிடாமல் அடித்தார், கோல். மேலதிக நேரத்தில் பென்சிமா ஒன்று போட்டு அரையிறுதி.

அந்த இடத்திலிருந்து காலின் உட்புறத்தால் அடித்திருந்தால் பந்து கோல்காப்பாளரின் பக்கம் வளைந்திருக்கும். வெளிப்புறத்தால் அடித்ததால் அவரை விட்டு விலகி, ஓடி வருகிறவரை நோக்கி வளைந்தது. இதை ஒரு நொடிக்குள் கணக்குப் போட்டவருக்கு அப்போது 36 வயது. நான் அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்காதீர்கள், வீட்டில் வசை வாங்கியது போதும்.


கனகராயன் எழுதியது:

கொண்டாடுங்கள், தடுக்கவில்லை. முழு மனிதனையும் கொண்டாடுங்கள். டினமோவை ஆட்டிப்படைத்த ஸ்த்ராவ்கோ மாமிச்சின் வழக்கில் மொட்ரிச் 2017இல் சாட்சி சொன்னார். தான் கழகம் மாறியபோது கிடைத்த பணத்தைப் பங்கிட்ட ஒப்பந்தம் எப்போது எழுதப்பட்டது என்ற கேள்விக்கு நினைவில்லை என்று பதில். நாடே கொதித்தது. பொய்ச்சாட்சி என்று 2018 மார்ச்சில் அவர்மீதே குற்றச்சாட்டு வந்தது. அந்த ஆண்டே அது கைவிடப்பட்டது. மாமிச்சுக்குச் சிறைத்தண்டனை விதித்தார்கள், அவர் பொஸ்னியாவுக்குத் தப்பினார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இளையோரை வளர்த்து விற்பது ஒரு வியாபாரமும் கூட. "அவர்களிடம் அமைப்பு இருந்தது, நம்மிடம் இல்லை" என்று மல்லாவி பெருமூச்சு விடுகிறார். அந்த அமைப்பின் உள்ளே யார் யார் சட்டைப்பை நிறைந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே நிலைமை இன்னும் மோசம். 2023 ஜனவரியில் இலங்கைக் கால்பந்துச் சம்மேளனத்தை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா இடைநிறுத்தி, ஓகஸ்டில்தான் தடையை நீக்கியது. நிர்வாகச் சண்டைக்கு வீரர்கள் விலை கொடுத்தார்கள்.


மல்லாவி மத்தியகளம் எழுதியது:

கனகராயன், மாமிச்சை நான் புனிதராக்கவில்லை. பாசிச்சைத்தான் சொன்னேன். ஸாடாரில் இருந்தவர் பாசிச், ஸாக்ரெப்பில் இருந்தவர் மாமிச். வன்னியில் இப்போதைக்கு மாமிச்சுகள் வரப் பயப்படத் தேவையில்லை, விற்க எதுவும் இல்லை. பாசிச்சுகள்தான் வேண்டும்.


முள்ளியவளை கோல்காப்பாளர் எழுதியது:

மூன்று கழகங்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு போட்டியின் ஏற்பாட்டுக் குழுவில் இருக்கிறேன். அதனால் மல்லாவி அண்ணரின் குற்றச்சாட்டு என் வாசலுக்கும் வருகிறது.

ஏழு பேர் ஆட்டத்தை யாரும் ஆசைப்பட்டு நடத்துவதில்லை. பிள்ளைகள் என்று நீங்கள் சொல்கிறவர்களில் பாதிப்பேர் மேசன் வேலைக்கும் வாடிக்கும் போகிறவர்கள். 11 பேரைச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் மைதானத்தில் நிறுத்த ஒரு சின்னக் கிராமத்தால் முடியாது. பெரிய கிராமத்துக்கு முடியும், அப்போது கிண்ணம் எப்போதும் பெரிய கிராமத்துக்கே போகும். அணிக்கு ஏழு என்று வைத்தால் ஒட்டுசுட்டான் பக்கத்து ஒரு சின்ன அணியும் லாண்ட்மாஸ்ரரில் ஏறி வந்து ஆடிவிட்டுப் போகலாம். நடுவர் கொடுப்பனவு, சுண்ணாம்பு, தண்ணீர்ப் போத்தல், ஒலிபெருக்கி, பந்து எல்லாம் அனுமதிக் கட்டணத்திலிருந்துதான். இரண்டு நாளில் முடித்தால்தான் கையைக் கடிக்காது.

இன்னொன்று. மக்கள் பார்க்க வருவது கோலுக்காக. மத்தியகளத்தில் அழகாகப் பந்து பரிமாறுகிறவனுக்குக் கைதட்ட ஆள் இல்லை. கோல்காப்பாளனுக்காவது சமநிலை தவிர்ப்பு உதையில் ஒரு நாள் வரும்.


நெடுங்கேணி, டொரொன்டோ எழுதியது:

பணம் அனுப்புகிறவர்கள் பக்கத்திலிருந்தும் ஒரு சொல். எங்கள் ஊர் ஒன்றியம் ஆண்டுதோறும் பரிசில்களுக்குக் காசு சேர்க்கிறது. எந்தக் கிண்ணத்துக்கு அனுசரணை என்று கேட்டால் எல்லாரும் "அதிக கோல்" கிண்ணத்தைத்தான் கேட்கிறார்கள். படம் எடுத்து முகநூலில் போட வசதி. பந்து பறித்தவருக்கு, பந்து கொடுத்தவருக்கு என்று ஒரு கிண்ணம் வைத்தால் யார் பெயர் போடுவார்கள்? நான் போடுகிறேன். எப்படித் தெரிவு செய்வது என்று மட்டும் சொல்லுங்கள்.


வற்றாப்பளை ஓய்வு எழுதியது:

உடற்கல்வி ஆசிரியராக இருந்து இளைப்பாறியவன். எல்லாரும் ஏழா பதினொன்றா என்று நிற்கிறீர்கள். எண்ணிக்கையை விடப் பெரிய நோய் வேறு.

மொட்ரிச்சின் வாழ்க்கையை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2008இல் 1 கோடியே 65 இலட்சம் பவுண் கொடுத்து இங்கிலாந்தின் டொட்டன்ஹம் கழகம் வாங்கியது. முதல் எட்டு ஆட்டங்களில் அணி எடுத்தது இரண்டே புள்ளிகள். முகாமையாளர் போனார். அடுத்து வந்த ஹரி ரெட்நாப் இந்த மெலிந்த மனிதனை முதலில் இடப்பக்க ஓரத்தில் ஆடவிட்டார், பிறகு நடுவுக்குக் கொண்டுவந்தார். 2012இல் ரியல் மட்ரிட். அந்த ஆண்டு இறுதியில் ஒரு ஸ்பானியப் பத்திரிகையின் வாசகர்கள் வாக்களித்து, பருவத்தின் மிக மோசமான கொள்முதல் என்று இவரைத் தெரிவு செய்தார்கள்! அடுத்த மார்ச்சில் மன்செஸ்டர் யுனைட்டட்டுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கித் தூரத்திலிருந்து ஒரு கோல். 2014 மே, லிஸ்பனில் சம்பியன்ஸ் லீக் இறுதி. மேலதிக நிமிடங்களில் ராமோஸ் தலையால் முட்டிய பந்து யாருடைய மூலை உதை? இவருடையதுதான். பிறகு கசெமிரோ பின்னால், குரூஸ் இடப்பக்கம், இவர் வலப்பக்கம் என்று மூவர் நின்று 2016, 2017, 2018 மூன்று கிண்ணங்கள். 2022, 2024 இரண்டையும் சேர்த்தால் ஆறு. ரியல் மட்ரிட்டுடன் 28 கிண்ணங்கள். அந்தக் கழகத்தில் இவ்வளவு எடுத்தவர் வேறு யாரும் இல்லை. 2025இல் அங்கிருந்து ஏசி மிலானுக்குப் போனார்.

இந்த வரிசையில் எத்தனை தடவை அவர் தடுமாறினார் என்று எண்ணுங்கள். ஒவ்வொரு தடவையும் யாரோ அவருடைய இடத்தை மாற்றிக் கொடுத்தார்கள். 2018 உலகக் கிண்ணத்திலும் அப்படித்தான். பயிற்றுநர் டாலிச், புரொசோவிச்சை அவருக்குப் பின்னால் நிறுத்தி, இவரைச் சற்று முன்னே விட்டார். டென்மார்க், ரஷ்யா, இங்கிலாந்து என்று அடுத்தடுத்து மூன்று ஆட்டங்கள் மேலதிக நேரத்துக்குப் போயின. டென்மார்க்குக்கு எதிராக மேலதிக நேரத்தில் தண்ட உதையைத் தவறவிட்டவர், சற்று நேரத்தில் சமநிலை தவிர்ப்பு உதைக்கு மறுபடியும் வந்து நின்று கோல் போட்டார். இறுதியில் பிரான்ஸிடம் 4-2 தோல்வி. போட்டியின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து இவருக்கு. அதே டிசெம்பரில், ஆண்டின் சிறந்த வீரருக்கான பலோன் தோர். மெஸ்ஸியும் ரொனால்டோவும் பத்து ஆண்டுகள் மாறி மாறி வைத்திருந்த விருது.

நம் ஊரில் இப்படித் தடுமாறுகிற பையனுக்கு என்ன நடக்கும்? முதல் பாதி முடியுமுன் வெளியே வருவான். அவனுடைய மாமா தெரிவுக்குழுவில் இருந்தால் மட்டும் இரண்டாம் பாதியும் ஆடுவான்.

மத்தியகள வீரன் இரணைமடு வாய்க்காலில் தண்ணீர் கட்டுகிறவனைப் போல. எந்த வரம்பை வெட்டுவது, எதை அடைப்பது என்று அவனுக்குப் பிடிபட ஒரு போகம் போதாது. முதல் போகத்தில் ஒரு வயல் காயும், ஒரு வயல் அழுகும். அதற்காக ஆளை மாற்றிக்கொண்டே இருந்தால் யாரும் பழக மாட்டார்கள்.

உயரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாடசாலை அணித் தெரிவில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, நெடியவர்களை முதலில் எடுக்கிற வழக்கத்தை எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். மொட்ரிச் 172 சென்ரிமீற்றர்.


பரந்தன் சந்தி எழுதியது:

ஐயா, மாமா பற்றிய வரிக்காக உங்களுக்கு ஒரு கிண்ணம் கொடுக்கலாம்.


பூநகரிப் பெண் எழுதியது:

இவ்வளவு நேரமும் "பையன்", "அவன்" என்றே போகிறது. பாடசாலைப் பெண்கள் அணி ஒன்றுக்கு உதவிப் பயிற்றுநராக இருக்கிறேன். நான் கண்டதைச் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகளால் கோல்காப்பாளரிடமிருந்து மறுமுனைக்கு ஒரே உதையில் பந்தை அனுப்ப முடியாது. அதனாலேயே பந்து நிலத்தோடு வருகிறது, நடுவில் இருக்கிறவள் அதை வாங்கித் திரும்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மல்லாவி அண்ணா தேடுகிற மத்தியகளம் பெண்கள் ஆட்டத்தில் இருக்கிறது, வந்து பாருங்கள்.

எங்கள் சிக்கல் வேறு. உயர்தரப் பரீட்சை முடிந்ததும் ஆட்டம் முடிந்துவிடுகிறது. கழகம் இல்லை, துணைக்கு வர ஆள் இல்லை, மாலை ஆறுக்குப் பிறகு பஸ் இல்லை. 18 வயதில் மொஸ்டாருக்கு இரவல் போன கதையைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். 18 வயதில் எங்கள் பிள்ளைகளை இரவல் கேட்க யார் இருக்கிறார்கள்?


கனகராயன் எழுதியது:

சகோதரி சொன்னது இந்த இழையின் முக்கியமான பதிவு. கழகங்களின் பெயர்ப்பலகையில் "விளையாட்டுக் கழகம்" என்று இருக்கும். உள்ளே பெண் உறுப்பினர் ஒருவரும் இருக்க மாட்டார்.


மல்லாவி மத்தியகளம் எழுதியது:

பூநகரிக்கு: கட்டாயம் வருகிறேன், என் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. ஒன்றாகப் பயிற்சி ஆட்டம் வைத்தாலும் நல்லது.

வற்றாப்பளை ஐயாவுக்கு: நீங்கள் சொன்ன பொறுமை, பயிற்றுநருக்கு ஆட்டங்கள் கிடைத்தால்தான் சாத்தியம். தோற்றால் வீடு என்கிற போட்டியில் தடுமாறுகிறவனை வைத்திருக்கிற துணிவு எனக்கும் வருவதில்லை. அடுத்த நாள் ஆட்டம் இருந்தால்தானே "நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லலாம்? எண்ணிக்கையும் பொறுமையும் தனித்தனி நோய்கள் இல்லை, ஐயா.

என்னிடம் ஒருவன் இருக்கிறான், பெயர் வேண்டாம். வயதுக்கு வளர்த்தி குறைவு. பந்து தன்னிடம் வருமுன் ஒருமுறை இடத் தோளுக்கு மேலால், ஒருமுறை வலத் தோளுக்கு மேலால் பார்ப்பான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டில் மாடு சாய்க்கிற பழக்கமோ என்னவோ. (மொட்ரிச் ஐந்து வயதில் ஆடு சாய்க்கிற பழைய படக்காட்சி ஒன்று இணையத்தில் உலவுகிறது, பார்த்திருப்பீர்கள்.) பார்த்து முடித்ததும் பந்தை நிறுத்த மாட்டான். வருகிற பந்தை உள்ளங்காலால் இழுத்து, உடம்பைத் திருப்பி, ஆளை ஏமாற்றிவிட்டு வெளியே வருவான். எங்கள் மைதானம் கிரவல். பந்து கல்லில் பட்டுத் துள்ளும் என்பதால் கடைசி நொடி வரை காலைத் தாழ்த்தியே வைத்திருப்பான்.

சென்ற மாதம் ஏழு பேர் போட்டி ஒன்றில் இவனை இறக்கினேன். இரண்டு முறை அப்படித் திரும்பினான். மூன்றாம் முறை கோட்டுக்கு வெளியே நின்ற பெரியவர்கள் "அடியடா, தூக்கி அடி" என்று கத்தினார்கள். தூக்கி அடித்தான். பிறகு ஆட்டம் முடியும்வரை தூக்கித்தான் அடித்தான். ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்கும்போது, "சேர், அப்படித்தானே அடிக்க வேணும்?" என்று என்னைக் கேட்டான். நான் எரிச்சலோடு இந்த இழையைத் தொடங்கியதற்குக் காரணம் அந்தக் கேள்வி.

அவனுக்கு அகதிக் கதை தேவையில்லை. அவன் பிறந்தது, போர் முடிவில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் காலத்துக்குப் பிறகு. கிழமைக்கு ஒரு முழு ஆட்டம்தான் தேவை.


முள்ளியவளை கோல்காப்பாளர் எழுதியது:

அண்ணர், இப்போது விளங்குகிறது. பெரியவர்கள் போட்டியில் கை வைக்க முடியாது, குழு ஒத்துக்கொள்ளாது. ஆனால் 16 வயதுக்குட்பட்டோருக்குத் தனியாக ஒரு லீக் வைக்கலாம். பிள்ளைகள் வேலைக்குப் போவதில்லை, பாடசாலை விடுமுறை இருக்கிறது. ஆறு அணிகள் போதும். ஒன்றோடொன்று ஒரு முறை மோதினால் மொத்தம் 15 ஆட்டங்கள், ஒவ்வொரு அணிக்கும் ஐந்து. பாதிக்கு 30 நிமிடம். 11 பேர். எல்லா ஆட்டங்களையும் எங்கள் மைதானத்தில் வைத்தால் மல்லாவிக்கும் பூநகரிக்கும் தூரம், ஆகவே மாங்குளம் நடுவாக இருக்கும். ஏ9 வீதியில் பஸ்ஸும் உண்டு.

இரண்டு நிபந்தனைகள். சமநிலையில் முடிந்தால் சமநிலைதான், தவிர்ப்பு உதை கிடையாது. கோல்காப்பாளனாக இதைச் சொல்ல எனக்கு நெஞ்சு நோகிறது. இரண்டாவது, கோட்டுக்கு வெளியே நின்று "தூக்கி அடி" என்று கத்துகிறவரை நடுவர் அனுப்பிவிடலாம்.


பூநகரிப் பெண் எழுதியது:

பெண்களுக்கும் அதே நாட்களில், அதே மைதானத்தில். காலை ஆட்டம் எங்களுக்கு, மாலை வெயில் தணிந்ததும் உங்களுக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். மாற்றி மாற்றி வையுங்கள். நாலு மணிக்கு ஆட்டம் முடிந்தால் எங்கள் பிள்ளைகளுக்குப் பஸ் கிடைக்கும்.


நெடுங்கேணி, டொரொன்டோ எழுதியது:

பஸ் செலவு எங்கள் பக்கம். வாடகை பஸ் பிடித்தால் நேரப் பிரச்சினையும் தீரும். கிண்ணம் எப்படித் தெரிவு செய்வது என்ற என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.


வற்றாப்பளை ஓய்வு எழுதியது:

நான் வந்து உட்காருகிறேன். அழுத்தத்தில் பந்தை வாங்கித் தன் அணியிலேயே ஒருவரிடம் சேர்த்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. பந்து பறித்ததற்கு ஒரு கோடு. கொப்பியும் பேனையும் போதும். கோல் போட்டதற்குக் கோடு கிடையாது. மாமாமார் யாரும் என் பக்கத்தில் இருக்கக் கூடாது.


பரந்தன் சந்தி எழுதியது:

நான் சுண்ணாம்புக் கோடு போடுகிறேன். மாங்குளத்தில் கோல்கம்பத்துக்கு வலை இருக்கிறதா? எங்கள் கழகத்தில் இரண்டு இருந்தன. ஒன்று நல்லது. மற்றதில் மாடு ஒன்று கொம்பை மாட்டிக்கொண்டு, வலையோடு வயலுக்குள் போய்விட்டது.


முள்ளியவளை கோல்காப்பாளர் எழுதியது:

நல்லதைக் கொண்டு வாருங்கள் தம்பி. மற்றதுக்கு முல்லைத்தீவுக் கரையில் பழைய மீன்பிடி வலை வாங்கலாம், நான் பார்க்கிறேன். அணிப் பெயர்களை ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி கட்டாயம். 16 வயதுக்குட்பட்டோர் என்று மீசையோடு யாரும் வரக் கூடாது.